கேஜுக்குள் பேசக்கூடாது

எங்கள் ஊர் இலக்கிய வட்டத்தில் இதுவரை பல் உடைந்திருக்கிறது, மூக்குக் கண்ணாடி உடைந்திருக்கிறது, ஒருவருக்குத் தாடையே கழன்றிருக்கிறது. வெளியூர் எழுத்தாளர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும் என்று நான் விடுவதில்லை, விளக்கிச் சொல்வேன். கோலார் தங்க வயலில் ஒருவர் கதை படித்துவிட்டு யாரிடமும் திட்டு வாங்காமல் வீடு போய்ச் சேர்ந்தால் அந்தக் கதை யாரையும் தொடவில்லை என்று அர்த்தம். அந்த அவமானத்துக்குப் பல் உடைவதே தேவலை என்று நினைக்கிறவர்கள்தான் எங்கள் வட்டத்தில் அதிகம். நானும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு ஆனதும் சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஸ்கெலட்டன் லைனில் உள்ள பழைய ரீடிங் ரூமில் கூடுவோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உட்கார மரப் பெஞ்சுகள். காற்றடிக்கும் மாதங்களில் சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த சைனைட் மேட்டுத் தூசி ஜன்னல் வழியாக வந்து கதைக் காகிதங்களின் மேல் படியும், ஊதி ஊதிப் படிப்போம். சுரங்கப் பென்ஷன்காரர்கள் சிலர், ஃபேக்டரிக்காரர்கள் சிலர், தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிற என்னைப் போன்றவர்கள் சிலர். பெண் என்று சொன்னால் நான் ஒருத்திதான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதற்குக் கேஜ் என்று பெயர். சுரங்கத்தில் ஆட்களை ஷாஃப்டுக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டுதான் கேஜ். கதவைச் சாத்தி இறக்க ஆரம்பித்துவிட்டால் உள்ளே நிற்கிறவன் இஷ்டத்துக்கு அது நிற்காது. எங்கள் ரூமில் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, நடுவில் ஒரு இரும்பு ஸ்டூல் வைத்திருப்போம். படிக்கிறவர் அதில் உட்கார்ந்து படிக்க வேண்டும். படித்து முடித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கதையைக் கிழித்து முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, கட்டத்தை விட்டு எழுந்திருக்கவும் கூடாது.

கிழிக்கிறவர்களுக்கும் ஒரு சட்டம் இருந்தது. கதையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் ‘இது உன் வீட்டில் நடந்ததா’ என்று மட்டும் கேட்கக்கூடாது. நான் சேர்வதற்கு முன்பு யாரோ அப்படிக் கேட்கப்போய், எழுதியவரின் தம்பியும் அதே ரூமில் இருக்க, அங்கே கழன்றதுதான் அந்தத் தாடை. அன்றிலிருந்து எவ்வளவு பச்சையாகத் தெரிந்தாலும் கதை கதைதான். இந்தச் சட்டத்தைச் சாமி கும்பிடுவது போல வட்டத்தின் செயலாளர் காப்பாற்றுவார். அவர் அண்டர்கிரவுண்டில் மரத்தூண் கொடுத்துப் பாறை சரியாமல் பார்த்துக்கொண்ட வேலைக்காரர். எதையும் சரியவிட மாட்டார்.

என்னை அந்த வட்டத்துக்குக் கூட்டிப்போனவர் என் கணவர். அவர் ஃபேக்டரியில் ஃபிட்டர், வட்டத்தில் கவிஞர். நல்ல குரல். பெண்களின் கண்ணீரைப் பற்றி அவர் வாசித்தால் பென்ஷன்காரர்கள் மூக்கைச் சிந்துவார்கள். அவருடைய அப்பா ஃபேக்டரி வேலைக்காகத் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். நானோ சுரங்கத்துக்கு வந்த வட ஆற்காட்டுக் குடும்பத்துப் பெண், லைன் வீட்டில் பிறந்தவள். என் பேச்சை அவர் லைன் தமிழ் என்பார். தான் வாசிப்பதைப் பெண்டாட்டி உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றுதான் கூட்டிப்போனார். நான் எழுத ஆரம்பிப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

முதல் அடி ஒரு கவிதைக்காக விழுந்தது. எங்கள் மண்ணின் தங்கம், எங்கள் ரத்தத்தின் தங்கம் என்று எழுதிக்கொண்டுவந்து காட்டினார். நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, நம் ஊரில் எழுதுகிற எல்லாக் கவிதையிலும் தங்கம் வருகிறது, எங்கப்பா கேஜில் இறங்கிய காலமெல்லாம் ஒரு தடவைகூட வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை என்றேன். அறை விழுந்ததும் காதுக்குள் கொய்ங் என்றது. அடுப்பில் கிடந்த சப்பாத்தி கருகிப்போனது. அதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததைத் தேய்த்தேன். எனக்கே இன்றைக்கும் அது ஆத்திரமாக இருக்கிறது, ஏன் தேய்த்தேன் என்று.

அவர் குடிக்கிறவர் இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அடிக்கிற புருஷன் என்றாலே எல்லாரும் பாட்டிலைத் தேடுகிறார்கள். வெறும் டீயைக் குடித்துவிட்டு நிதானமாக அடிப்பார். ஃபேக்டரி ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, அதன் விளிம்பால், ரவிக்கைக் கைக்கு மேலே, முதுகில், வெளியே தெரியாத இடமாகப் பார்த்து. பெரும்பாலும் வார்த்தைக்காகத்தான். அவர் வரியில் நான் குறை சொன்னதற்கு, அவர் சொன்ன வார்த்தையை நான் திருப்பிச் சொன்னதற்கு, பதில் பேசாமல் சும்மா இருந்ததற்கும்கூட.

நான் ரயிலில்தான் எழுதுவேன். காலையில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பங்காருப்பேட்டை வருவதற்குள் ஒரு பக்கம் ஓடிவிடும். அப்படித்தான் அந்தக் கதையை எழுதினேன்: ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, ஒரு ஸ்டீல் ஸ்கேல். எழுதி முடித்தபோது அதை வட்டத்தில் படிக்க வேண்டும் என்று வெறியாக இருந்தது. யாராவது என்னைக் காப்பாற்றுவார்கள் என்று நினைத்து இல்லை. கதை நன்றாக வந்திருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். அதைப் பொய் இல்லாமல் சொல்லக்கூடிய வாய்கள் இந்த உலகத்தில் அந்த ரூமில் மட்டும்தான் இருந்தன. என் கணவர் படிக்காதே என்றார். நான் ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கிழிகிழி என்று கிழித்தார்கள். எல்லாரையும் விட அதிகமாகக் கிழித்தவர் புரூஃப்காரர். பெங்களூரில் ஒரு பிரஸ்ஸில் புரூஃப் பார்க்கிறவர், நான் போகிற அதே ரயிலில் வருகிறவர், தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கி வாங்கி வாய் முழுக்க விஷமாகிப்போன மனிதர். அந்தப் புருஷன் எதற்கு அடிக்கிறான் என்று கதையில் எங்கே இருக்கிறது, காரணம் இல்லாமல் எவனாவது அடிப்பானா, வாசகன் காதில் பூ சுற்றாதே என்றார். ஸ்கேல் மட்டும் புதிதாக இருக்கிறது என்றார் செயலாளர். கடைசியாக என் கணவரின் முறை வந்தது. வீட்டில் ஒருநாளும் கேட்டிராத மெல்லிய குரலில், கதாசிரியர் முதல் அடியை இரண்டாவது பத்தியிலேயே வைத்துவிட்டார், அதைத் தள்ளிப் போட்டிருந்தால் வாசகருக்கு வயிற்றில் பயம் இறங்கியிருக்கும் என்றார்.

அவர் சொன்னது சரி. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போனதும், ஸ்கேல் என்று எழுதினால் ஃபேக்டரிக்காரன் என்று ஊருக்கே தெரியாதா என்று கேட்டு அதே ஸ்கேலால் அடித்தார். மறுநாள் ரயிலில் உட்கார்ந்து, முதுகைச் சாய்க்க முடியாமல், முதல் அடியை நான்காவது பத்திக்குத் தள்ளினேன். கதை முன்பைவிட நன்றாக வந்தது.

அப்புறம் அதுவே வாடிக்கையாகிப்போனது. நான் எழுதுவேன், படிப்பேன், அவர் சபையில் மெல்லிய குரலில் விமர்சிப்பார், வீட்டில் வந்து அடிப்பார். என் எழுத்தில் நாளுக்கு நாள் கூர்மை ஏறுவதாக வட்டத்தில் பேசிக்கொண்டார்கள். இந்தப் பொம்பளைக்கு இன்னா கற்பனை என்று பென்ஷன்காரர் ஒருவர் என் காதுபடவே ஆச்சரியப்பட்டார். அடி பட்ட இடம் எந்த நாள் என்ன நிறத்துக்கு மாறும் என்று நான் எழுதியிருந்ததை எங்கே பார்த்தாய் என்று கேட்கக்கூட அவருக்கு வழியில்லை, சட்டம் சட்டம்தானே.

ஒருநாள் சாயங்காலம் பீரோவிலிருந்து என் கதைக் காகிதத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பின்னால் வந்து பீரோக் கதவை ஓங்கிச் சாத்தினார். என் வலது கை உள்ளே இருந்தது. ஆள்காட்டி விரலில் ஏதோ முறிந்த சத்தம் முதலில் கேட்டது, வலி அப்புறம்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் கதவில் மாட்டிக்கொண்டது என்று அவரே சொன்னார். அது பொய்யும் இல்லை. கட்டுப் போட்ட விரலோடு இடது கையால் கோணல்மாணலாக அந்தக் கதையையும் எழுதி முடித்தேன்.

அடுத்த கூட்டத்தில் அதைப் படிக்க உட்கார்ந்தேன். தடிமனாகக் கட்டுப் போட்ட கையால் பக்கத்தைப் புரட்ட முடியவில்லை. செயலாளர் எழுந்து வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் தலையசைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கொடுத்தார். கதையில் ஒரு புருஷன் பீரோக் கதவைச் சாத்தி மனைவியின் விரலை உடைக்கிறான். அந்தப் பக்கத்தையும் அவர்தான் புரட்டினார். என் கட்டை ஒரு தடவை பார்த்தார், கதையை ஒரு தடவை பார்த்தார், அடுத்த பக்கத்துக்குத் தயாராக விரலில் எச்சில் தொட்டுக்கொண்டார்.

புரூஃப்காரர் ஆரம்பித்தார். மற்றதெல்லாம் பரவாயில்லை, ஆனால் அந்த விரல் உடைகிற இடம் நம்புகிற மாதிரி இல்லை என்றார். பீரோக் கதவு தகரம், அதில் விரல் நசுங்குமே தவிர உடையாது, எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் விசாரித்திருக்க வேண்டும் என்றார். இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். ஒருத்தர் தன் வீட்டுப் பீரோ எவ்வளவு கனம் என்று விளக்க ஆரம்பித்தார். என் விரல் உள்ளே தம் தம் என்று அடித்துக்கொண்டிருந்தது. நான் கேஜுக்குள் இருந்தேன். வாயைத் திறக்க முடியாது.

என் கணவரின் முறை வந்தது. "நண்பர்கள் சொன்னது சரிதான். அந்த இடம் கொஞ்சம் மிகை. அதைவிட, இவ்வளவு அடி வாங்கிக்கிட்டு ஒரு பொம்பளை சும்மா உட்கார்ந்திருப்பாளா? அதை என்னால நம்ப முடியல."

நான் எழுந்தேன். ஸ்டூலை இடது கையால் தூக்கியது நினைவிருக்கிறது. அவர் நெற்றியில் அது இறங்கியபோது என் தோள்பட்டை வரை அதிர்ந்தது. புருவத்துக்கு மேலே பிளந்துகொண்டு, வெள்ளைச் சட்டை காலரெல்லாம் ரத்தம். பெஞ்சோடு பின்னால் சாய்ந்தார். நான் இன்னொரு தடவை ஓங்கினேன். அதற்குள் நாலைந்து பேர் பாய்ந்து வந்து பிடித்தார்கள். பிடித்தது என்னைத்தான். யாரோ பின்னாலிருந்து, கேஜை விட்டு வெளிய வந்துட்டாங்க, கேஜை விட்டு வெளிய வந்துட்டாங்க என்று கத்தினார். இந்த ஊரில் பிறந்தவர்களுக்குத்தான் அந்த நேரத்தில் அது தோன்றும்.

நான் பல்லால் கட்டைக் கடித்துப் பிய்த்தேன். துணி சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து விழுந்தது. நகம் போய், கருநீலமாக வீங்கி, மரக்கட்டையில் கட்டியிருந்த விரலைப் புரூஃப்காரர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"உடையாதா? இந்தா கீது பாருங்க. என் வூட்டு பீரோ. சாத்தினது இந்த ஆளு."

செயலாளர் தன் கையில் இருந்த என் காகிதங்களைப் பார்த்தார், பிறகு அவற்றைக் கீழே வைத்தார், பிறகு நடந்து போய் என் கணவரின் சட்டையைப் பிடித்துத் தூக்கி அறைந்தார். அவ்வளவுதான், மொத்த வட்டமும் அவர்மேல் விழுந்தது. செருப்பால் அடித்தார்கள், துடைப்பத்தால் அடித்தார்கள், வாசல் வரை உருட்டிக்கொண்டு போய் ரோட்டில் போட்டு மிதித்தார்கள். கவிதை கேட்டு மூக்கைச் சிந்திய பென்ஷன்காரர் அவர் விலாவில் உதைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். எல்லாரையும்விட ஆவேசமாகச் செருப்பை ஓங்கிக்கொண்டிருந்தவர் என் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து வீடு. அவர் பெண்டாட்டி அலறுகிற சத்தம் வாரம் ஒரு தடவையாவது சுவரைத் தாண்டி வரும். அவரைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தோம். அட்ஜஸ்ட் மாடி, அனுசரித்துப் போங்கள் என்று கான்ஸ்டபிள் இரண்டு பேரையும் பார்த்துக் கன்னடத்தில் சொன்னார். ஒருவருக்கு விரல், இன்னொருவருக்கு நெற்றி, சரிக்குச் சரி என்பது அவர் கணக்கு. நான் அட்ஜஸ்ட் செய்யவில்லை. புகாரை எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன். பெங்களூர் ஹாஸ்டலில் இருக்கிற என் பெண் போனில், ஏம்மா, ஸ்டூலாலயா அடிச்சே என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் திடீரென்று அழ ஆரம்பித்தாள். கேஸ் இன்னும் நடக்கிறது. அவர் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறார், வட்டத்துக்கு வருவதில்லை.

விரல் கூடியதும் நான் வட்டத்துக்குத் திரும்பிப் போனேன். நான் வாசலுக்கு வந்ததுமே எழுந்து நின்றார்கள். எனக்கு முதலில் டீ, எனக்கு மட்டும் முதுகு சாயும் நாற்காலி. சாக்பீஸ் கட்டத்துக்குள்ளேயே அந்த நாற்காலியைப் போட்டிருந்தார்கள். ஒரு புதுக்கதை படித்தேன். ரயிலில் இடத்துக்காகச் சண்டை போடுகிற இரண்டு பெண்களைப் பற்றியது. புருஷனும் இல்லை, அடியும் இல்லை. படித்து முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. ரொம்ப நல்லா இருக்கும்மா என்றார் செயலாளர். ஒரு பென்ஷன்காரர் தயங்கித் தயங்கி, உன் வூட்டுக்காரரை மனசுல வெச்சி எழுதினதாம்மா என்று கேட்டார். இத்தனை வருஷமும் கேட்கக்கூடாது என்று கட்டிக்காத்த கேள்வி. விரல் உடைந்த கதைக்குக் கேட்காமல், ரயில் சண்டைக்குக் கேட்டார். செயலாளரும் தடுக்கவில்லை.

எனக்கு அடுத்து ஒருத்தர் கட்டுரை படித்தார். அவரைப் பிய்த்து எறிந்தார்கள். இது கட்டுரையா, கரண்ட் பில்லா என்று புரூஃப்காரர் கேட்டார், அந்த ஆள் முகம் செத்துப்போனது. எனக்கு அந்தக் கட்டுரைக்காரர்மேல் பொறாமையாக இருந்தது. அடுத்த கூட்டத்திலும் எனக்குக் கைதட்டல். அதற்கு அடுத்த கூட்டத்திலும். என் வாக்கியங்கள் தொளதொளத்துப் போவது எனக்கே தெரிந்தது. ரயிலில் எழுதும்போது, இந்த இடத்தில் புரூஃப்காரர் பிடிப்பாரே என்ற பயம் கைக்கு வருவது நின்றுபோனது. புருஷனை விட்டு வந்தேன், அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. இது தெரிந்தது. ராத்திரியானால் தூக்கம் வரவில்லை.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். உட்கார்ந்து வேண்டுமென்றே ஒரு குப்பையை எழுதினேன். நிலா, கண்ணீர், தாய்மண், நெஞ்சில் பூத்த நெருப்பு, நாலு வரிக்கு ஒரு தங்கம். எழுதும்போதே கூச்சமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். முடித்ததும் கை தட்டினார்கள். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புரூஃப்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கை தட்டினார்.

காகிதங்களைக் கசக்கி அவர் மூஞ்சியில் எறிந்தேன். கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது.

"இது குப்பை. குப்பைன்னு உங்களுக்குத் தெரியும். சொல்றதுக்கு இன்னா கேடு?"

அவர் கண்ணாடியை எடுத்தார், மாட்டிக்கொள்ளவில்லை. அத்தனை வருஷத்தில் அவர் முகத்தைக் கண்ணாடி இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான், வயசான முகம்.

"உன் வெரலு எதிர்லயே இருந்துச்சிம்மா, நான் உடையாதுன்னு சொன்னேன்" என்றார். "இன்னொரு தபா உன்னை அடிக்க எனக்கு மனசு வரலை."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மனிதனைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது, அறையவும் தோன்றியது.

"அந்த ஆளு அடிச்சது நான் வாயத் தொறக்கக்கூடாதுன்னு. நீங்க திட்டினது நான் இன்னும் நல்லாத் தொறக்கணும்னு. ரெண்டும் உங்களுக்கு ஒண்ணாத் தெரியுதா? நீங்களும் இப்படி கையத் தட்டினா அப்புறம் எனக்கு யாரு கீறாங்க? சொல்லுங்க."

புரூஃப்காரர் குனிந்து காலடியில் கிடந்த காகிதங்களைப் பொறுக்கினார். தொடையில் வைத்து நீவி நீவிச் சுருக்கத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

"மொத வரியே பொய்" என்று ஆரம்பித்தார். இரண்டாவது பத்தியைக் கேவலம் என்றார், மூன்றாவதை எவனிடமிருந்து திருடினாய் என்று கேட்டார், போகப் போகக் குரல் ஏறியது. கன்னத்தில் தண்ணீர் இறங்கி மோவாயில் சொட்டியதை அவர் துடைக்கவும் இல்லை, கடைசிப் பக்கம் வரை ஒரு வரியையும் விடவும் இல்லை.